முத்தாலங்குளத்து நன்றியுரை

உட்காருங்கள் அக்கா. பையை இப்படிக் கொடுங்கள், என் மடியிலேயே இருக்கட்டும். திருநெல்வேலிதானே? நானும் அங்கேதான். சண்டை போடப் போகிறேன். பயப்படாதீர்கள், உங்களோடு இல்லை, எங்கள் துறைத் தலைவரோடு. சமூகப்பணி எம்.ஏ., இரண்டாம் வருஷம். பெயர் முப்பிடாதி. சிரிக்காதீர்கள். எங்கள் வகுப்பில் மூன்று ஹரிணி இருக்கிறார்கள், ஒருத்தியைக் கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்புவார்கள். என்னைக் கூப்பிட்டால் நான் ஒருத்திதான் திரும்புவேன்.

என்ன சண்டை என்று கேட்க வருகிறீர்கள், சொல்கிறேன். முத்தாலங்குளம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பருவம் முழுக்கக் களப்பணி செய்தேன். உழைப்புக்கு நல்ல மார்க், ஆர்வத்துக்கு நல்ல மார்க். கடைசியாக ஒன்று இருக்கிறது, 'பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் திறன்' என்று. அதில் பத்துக்கு மூன்று. எனக்கு! மூன்று! போட்டவர் அங்கே வேலை பார்க்கிற பொன்னுத்தாய் சிஸ்டர். நடந்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இப்போது வேண்டாம், நான் முடித்த பிறகு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், நான் நியாயமானவள். அங்கே மருந்து இருக்கிறது. டாக்டர் நெல்லையப்பன் நேரத்துக்கு வருகிறார். சிஸ்டர் தடுப்பூசி போட்டால் பிள்ளை அழ வாயைத் திறப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிடும். அவ்வளவு கைப்பக்குவம். காலையில் வந்தால் சாயங்காலம் வரைக்கும் வாசலைத் தாண்ட மாட்டார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், கடமையில் அப்படி ஒரு கண். கழிப்பறைகூட இருக்கிறது அக்கா. டைல்ஸ் பதித்து, பச்சைக் கதவு போட்டு, குழாய் வைத்து. ஆனால் பூட்டியிருக்கும். உள்ளே கொசுப்புகை மெஷின் குடியிருக்கிறது.

பொய் சொல்லவில்லை. கொசு மருந்துப் புகை அடிக்கிற மெஷின், பழைய பேனர்கள், பிளீச்சிங் பவுடர் மூட்டை எல்லாம் கக்கூஸுக்குள். சாவி சுகாதார ஆய்வாளர் தங்கபாண்டி சார் இடுப்பில். போன முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"சார், மெஷினை உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்களே, மாசமா இருக்கிற பொம்பளைங்க எங்க போவாங்க?"

"மெஷின் காணாமப் போனா என்னயக் கேப்பாங்கம்மா. கக்கூஸ் காணாமப் போனா என்னய யாரு கேக்கப் போறா?"

"நான் கேக்கிறேன்ல?"

"நீ பரீட்சை வந்தா போயிருவ. மெஷினு இங்கனதான கிடக்கும்."

சரி, புதிதாக ஒன்று கட்டுங்கள் என்றேன். கட்ட முடியாதாம், ஏற்கெனவே ஒன்று இருக்கிறதாம். அப்போது இருக்கிறதைத் திறங்கள் என்றேன். திறக்க முடியாதாம், மெஷினுக்கு வேறு இடம் இல்லையாம். மெஷினுக்கு ஒரு அறை கேளுங்கள் என்றேன். கேட்டால், 'இத்தனை நாள் வைத்த இடத்திலேயே வையுங்கள்' என்று பதில் வருமாம். அக்கா, நான் பள்ளிக்கூடத்திலிருந்தே பட்டிமன்றப் பேச்சாளர். இப்படி வாலைத் தானே கவ்விக்கொண்டு சுற்றுகிற வாதத்தை எந்த மேடையிலும் எதிர்கொண்டதில்லை.

அங்கே செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. வந்த உடனே ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுப்பார்கள், யூரின் டெஸ்டுக்கு. டப்பாவை வாங்கிக்கொண்டு அத்தனை பேரும் ரோட்டைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போவார்கள். குருவம்மாள் அக்கா வீடு. இட்லி மாவு அரைத்து விற்கிறவர். வீட்டுக்குப் பக்கவாட்டில் அவருடைய கக்கூஸ். திரும்பி வரும்போது டப்பாவை முந்தானையால் மூடிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வரிசையாக ரோட்டில் வருவார்கள். அந்த வழியாகப் போகிற பஸ் டிரைவர்கள் செவ்வாய்க்கிழமை அந்த இடத்தில் தானாகவே பிரேக் போடுவார்கள். ஒரு டிரைவர் கும்பிடுகூடப் போட்டார். தீச்சட்டி எடுத்து வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல.

குருவம்மாள் அக்கா சாந்தசொரூபி என்று நினைக்காதீர்கள். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே குரல் வரும். "ஏட்டி மாரிச்செல்வி, ரெண்டு வாளி ஊத்துனியா? ஒன் மாமியா வந்து ஊத்துவான்னு நெனச்சியோ?" அந்த மாரிச்செல்வியும் லேசுப்பட்டவள் இல்லை. "எம் மாமியா வந்தா ஒங்க கிரைண்டரையும் சேத்துக் கழுவிட்டுப் போவாக்கா" என்பாள். வைவார், விரட்டுவார், செருப்பை வெளியே போடு என்பார். ஆனால் கேட்டைச் சாத்தினது கிடையாது.

இந்த அநியாயத்துக்கு ஒரு முடிவு கட்டாமல் களப்பணியை முடிக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். வாய்ப்பும் வந்தது. ஆண்டு மதிப்பாய்வுக் கூட்டம். போன வருஷம் என்ன செய்தோம், வருகிற வருஷம் என்ன செய்யப் போகிறோம் என்று பொதுமக்கள் முன்னால் சொல்ல வேண்டுமாம், மாவட்டத்திலிருந்து துணை இயக்குநர் அம்மா வருகிறார்களாம். பொதுமக்களுக்கு எங்கே போவது என்று எல்லோரும் முழித்தார்கள். டாக்டர்தான் வழி சொன்னார். "செவ்வாய்க்கிழமை வச்சிருவோம். அன்னைக்கு எப்படியும் பொதுமக்கள் வருவாங்க." ஆக முத்தாலங்குளத்தின் பொதுமக்கள் என்றால் யார்? வாந்தி எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கையில் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிற பெண்கள்.

நான் அரை மணி நேரம் பேச வாய்ப்புக் கேட்டேன். தலைப்பே தயார் செய்துவிட்டேன். கிடைத்தது என்ன தெரியுமா? நன்றியுரை! நன்றியுரை என்றால் என்ன அக்கா? எல்லோரும் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி மைக்கில் முனகுவது. பெண்பிள்ளை என்றால் இறைவணக்கம் அல்லது நன்றியுரை. நடுவில் இருக்கிற உரையெல்லாம் யாருக்கு? இதை நான் டாக்டரிடமே கேட்டேன். "நடுவுல துணை இயக்குநர் அம்மாதானம்மா பேசப்போறாங்க, அவங்களும் பொம்பளதான்" என்றார். அது வேறு விஷயம் என்றேன். வேறு விஷயம்தானே?

சரி, நன்றியுரையா? இருக்கட்டும். நன்றி சொல்லியே இவர்களைக் கிழிக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

கூட்டத்தன்று காலையில் குருவம்மாள் அக்கா வந்துவிட்டார். வியாபாரத்தை விட்டுவிட்டு, சலவைச் சேலை கட்டிக்கொண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"பிள்ள, இன்னிக்கு நான் ஒரு நாலு வார்த்த பேசணும். மைக்கு கிடைக்குமா?"

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது அக்கா. பாவம், படிக்காத மனுஷி, மேடையைப் பார்த்தால் நடுங்கிப்போவார். "நீங்க எதுக்குக்கா சிரமப்படணும்? உங்களுக்காக நான் பேசுறேன்" என்றேன்.

"இல்ல பிள்ள, என்னன்னா..."

"எல்லாம் எனக்குத் தெரியும்க்கா. நீங்க உக்காந்து கேளுங்க போதும்."

சிஸ்டர் வேறு பின்னாலேயே வந்தார். அவருக்கு எப்போதும் காதோடு காதாகத்தான் பேச வரும். "முப்பிடாதி, ஒன் நன்றியுரைக்கு முன்னால குருவம்மாக்காவ ரெண்டு நிமிசம் பேச விட்டுரு. நான் அரசாங்க உத்தியோகம் பாக்குறவ, சில விசயத்த என் வாயால சொல்ல முடியாது. அவுக சொன்னாத்தான்..."

"கவலையே படாதீங்க சிஸ்டர், அவுங்க சார்பா நானே பேசிடறேன்."

"சார்பா வேண்டாம்மா, அவுகளே..."

மைக்கில் டாக்டர் பேச ஆரம்பித்துவிட்டார். நான் முன்வரிசைக்குப் போய்விட்டேன். கூட்டம் நடக்கும்போது கிசுகிசுப்பது எனக்குப் பிடிக்காது.

டாக்டர் திரையில் படம் போட்டுக் காட்டினார். போன வருஷத்தைவிட இந்த வருஷம் வெளிநோயாளிகள் கூடியிருக்கிறார்களாம். கைதட்டல். காய்ச்சலுக்கு வந்தவர்கள் கூடியிருக்கிறார்களாம். அதற்கும் கைதட்டல். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"சார், ஒரு சுகாதார நிலையத்துக்கு நோயாளி கூடுறது சாதனையா? அப்போ ஊருக்கே காலரா வந்தா மாலை போடுவீங்களா?"

"முன்னால மருந்துக் கடையில போயி, இவனுக்குக் காய்ச்சல், அவனுக்கு இருமல்னு மாத்திரை வாங்கித் தின்னவங்க இப்போ இங்க வாராங்கம்மா. அதைத்தான் சொல்றேன்."

அதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மீதிப் பாதி எது என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

பிறகு எதிர்காலத் திட்டம். வாசலில் ஒரு நுழைவு வளைவு, இரவில் விளக்கு எரிகிற மாதிரி. உள்ளே ஒரு பூந்தோட்டம். தோட்டத்தில் தாயும் சேயும் சிலை, பிரசவம் ஆனவர்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள. கழிப்பறையைப் பற்றி ஒரு வார்த்தை? மூச்! துணை இயக்குநர் அம்மா பேசினார்கள், பஞ்சாயத்துத் தலைவர் பேசினார், யாருக்கு யார் பொன்னாடை போர்த்தினார்கள் என்றே தெரியாத அளவுக்குப் போர்த்தினார்கள். ஏழெட்டுக் கர்ப்பிணிகள் எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்விட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார்கள். மாரிச்செல்வி மட்டும் ரெண்டு தடவை போனாள்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

அக்கா, என் வாயால் சொல்லக் கூடாது, பிரமாதமாகப் பேசினேன். "தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் மானத்தோடு வாழும் கொசுப்புகை மெஷினுக்கு நன்றி. அந்தப் பாக்கியம் இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொண்டு ரோட்டில் ஊர்வலம் போகும் பெண்களுக்கு நன்றி. வரப்போகும் வளைவுக்கு நன்றி, அதன் கீழே நுழைகிறவர்கள் அடுத்த நிமிஷமே எதிர்வீட்டுக்கு ஓடும் அழகை ஊரே பார்க்கும்." கூட்டம் சிரித்து உருண்டது. தங்கபாண்டி சார் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிஸ்டர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். குற்ற உணர்ச்சி! நான் விடவில்லை. கடைசி வரிசையைக் கையால் காட்டினேன். "எல்லோருக்கும் மேலாக, வருஷம் முழுக்கத் தன் வீட்டுக் கழிப்பறையை இந்தச் சுகாதார நிலையத்துக்குத் திறந்துவிட்ட, ஒரு நாளும் முகம் சுளிக்காத, இனிமேலும் சுளிக்கப் போகாத அந்தப் பெருமனசுக்கு, குருவம்மாள் அக்காவுக்கு நன்றி!"

கைதட்டல் நிற்கவே இல்லை. துணை இயக்குநர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார்கள். நான் நினைத்தேன், இதோ, இப்போது டாக்டருக்கு டோஸ் விழப்போகிறது.

"டாக்டர்! இவ்வளவு நல்ல விஷயத்தை நீங்க ஏன் சொல்லவே இல்லை? இதுக்குப் பேருதான் மக்கள் பங்களிப்பு! அந்த அம்மாவை மேடைக்குக் கூப்பிடுங்க!"

மிச்சமிருந்த ஒரு பொன்னாடையைக் குருவம்மாள் அக்காவுக்குப் போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். "எதிர்வீட்டுப் பங்களிப்புடன் கழிப்பறை வசதி. இதை அடுத்த வருஷத் திட்டத்துல சேத்துடுங்க. மாவட்டத்துக்கே இது முன்மாதிரி. அந்த வளைவைக் கொஞ்சம் ரோட்டுப் பக்கமா வச்சா அவங்க வீட்டையும் சேத்துக் காட்டலாம் பாருங்க" என்றார்கள். டாக்டர் குறித்துக்கொண்டார். குருவம்மாள் அக்காவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் மைக்கைப் பார்த்தார். பொன்னாடையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார் பாருங்கள், இட்லிக்குப் போட்ட உளுந்து மாதிரி நான் அரைபட்டுப்போனேன். "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, நீ என்ன எம்மே படிச்ச? எங்க வீட்டு டேங்கு நெறஞ்சு வாசல் வரைக்கும் நாத்தம் வருது. மாவு வாங்க வாரவன் மூக்கப் பொத்திட்டுத் திரும்பிப் போறான். நாளையிலருந்து கேட்டப் பூட்டுதேன்னு அந்தம்மா முன்னால மைக்குல சொல்லணும்னுதான வந்தேன்! நான் பூட்டுனாத்தான இவுக தொறப்பாக! பூட்டுகூட வாங்கி வச்சுட்டேன். இப்பம் பொன்னாடையும் போத்தி, போட்டாவும் எடுத்த பொறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பூட்டுவேன், ஏட்டி?"

நான் சொன்னேன், "அக்கா, உங்க உழைப்புக்கு ஒரு அங்கீகாரம் கிடைச்சிருக்கு. அதைக் குறைச்சு மதிப்பிடாதீங்க."

அவர் பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். நல்ல வாதம் வைத்தால் பலருக்குப் பதில் வராது. பக்கத்தில் நின்ற சிஸ்டர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்று சாயங்காலம்தான் எனக்கு மார்க் போட்டார் என்று நினைக்கிறேன். எதற்கு அந்தக் கோபம் என்று இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை.

இருங்கள் அக்கா, நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள், முடித்துவிடுகிறேன். இனிமேல்தான் விஷயமே.

அடுத்த செவ்வாய்க்கிழமை. பெண்கள் டப்பாவோடு ரோட்டைத் தாண்டிப் போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். முன்னால் குருவம்மாள் அக்கா, தோளில் அந்தப் பொன்னாடை, ஒரு கையில் வாளி, ஒரு கையில் விளக்குமாறு. நேராக டாக்டர் அறைக்குள் போனார். பின்னாலேயே நானும்.

"டாக்டரய்யா, என் வீட்டு கக்கூசும் ஒங்க ஆஸ்பத்திரியும் ஒண்ணுன்னு அந்தம்மா சொல்லிட்டுப் போயிட்டாக. திட்டத்துலயும் எழுதியாச்சு. அப்படித்தான?"

"ஆமாம்மா."

"அப்பம் ஒங்க ஆஸ்பத்திரி கக்கூசு ரெண்டு. அதுல ஒண்ணு நெறஞ்சுபோச்சு. ஒண்ணு ரிப்பேர்னா இன்னொண்ணத் தொறக்கணுமா வேண்டாமா?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தங்கபாண்டி சாரைப் பார்த்தார். தங்கபாண்டி சார் சாவி இருந்த சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டார். "தொறந்தா மெஷின எங்க சார் வைக்கிறது?"

"எங்க வீட்டுல வையும்" என்றார் குருவம்மாள் அக்கா. "கிரைண்டர் ரூமுல இடம் கிடக்கு. நான் அங்கயேதான இருக்கேன், எவன் வந்து தூக்கிருவான்? ஒரு புதுப் பூட்டும் சும்மா கிடக்கு. பங்களிப்புன்னு சொல்லியாச்சு, கக்கூசுன்னா என்ன, மெஷின்னா என்ன?"

தங்கபாண்டி சார் யோசித்தார். மெஷின் காணாமல் போனால் இனிமேல் குருவம்மாளைத்தான் கேட்பார்கள் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! அவரே மெஷினைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். பின்னால் பேனர் கட்டு போனது, பிளீச்சிங் பவுடர் மூட்டை போனது. பஸ் டிரைவர்கள் பழக்கத்தில் பிரேக் போட்டார்கள்.

பார்த்தீர்களா அக்கா? என் நன்றியுரை இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா? பங்களிப்பு என்கிற வார்த்தை எங்கேயிருந்து வந்தது? அந்த மேடை யார் போட்டது? இதைத்தான் துறைத் தலைவரிடம் கேட்கப் போகிறேன்.

குருவம்மாள் அக்கா உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். குழாயில் நன்றாகத் தண்ணீர் வந்தது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். நான்தான் ஒழுங்குபடுத்தினேன், மாதம் கூடினவர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால் என்று. மாரிச்செல்விக்குத்தான் முதல் இடம்.

அப்போது சிஸ்டர் வந்தார். மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவர், அப்படியே போட்டுவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். ஓடி! அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"மாரிச்செல்வி, கோவிச்சுக்காதம்மா, ஒரே நிமிசம்."

"நீங்க போங்க சிஸ்டர், போங்க, போங்க" என்று அவளே கதவைத் திறந்துவிடுகிறாள்!

நான் விடுவேனா? "சிஸ்டர், வரிசை இருக்கு. கர்ப்பிணிகளுக்காகப் போராடித் திறந்த கதவு இது. அரசாங்க ஊழியர்னா முதல்ல நுழையலாமா?" என்றேன்.

"நானும் பொம்பளதானம்மா" என்றார். அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது.

இது ஒரு பதிலா அக்கா? பொதுவாகச் சொல்லித் தப்பிப்பது. நான் வெளியே நின்று வாதாடிக்கொண்டே இருந்தேன். வரிசை என்றால் வரிசைதான், உத்தியோகம் பார்க்கக் கூடாது, இத்தனை வருஷம் பொறுத்தவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்று எல்லாம் எடுத்துச் சொன்னேன். அப்புறம் உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கல்யாண வீட்டிலிருந்து வருகிற மாதிரி ஒரு முகம் அவருக்கு. குருவம்மாள் அக்கா ஒரு செம்பு தண்ணீரை நீட்டினார். சிஸ்டர் அதை வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் அங்கேயே நின்று குடித்தார்.

வரிசையில் நின்ற அத்தனை கர்ப்பிணிகளும் கை தட்டினார்கள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது சொல்லுங்கள் அக்கா. வரிசையில் நடுவே புகுந்தவருக்கு எதற்குக் கை தட்ட வேண்டும்?